தறிக்கு ஏன் எழுபது இல்லை?

மாணவர் பரிசுப் பட்டியல் தயாரிக்கும் வேலை சில ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருக்கிறது. பத்தாம் வகுப்பு, இண்டர்மீடியட், நுழைவுத் தேர்வு என்று மூன்று கட்டம் போட்ட தாள். சித்தூரிலும் திருப்பதியிலும் இருக்கும் நம் குடும்பங்களுக்கு வரிசையாகப் போன் போட்டு, பிள்ளைகளின் பெயரும் மதிப்பெண்ணும் கேட்டு எழுதிக்கொள்வேன். சென்ற ஆண்டு அப்படிக் கேட்டபோது, சித்தூரில் எங்கள் பழைய தெருவில் குடியிருக்கும் ஒரு சகோதரி தயங்கினார்.

“அவன் பேரு வேணாங்கண்ணா. ஐ.டி.ஐ. தானே முடிச்சிருக்கான், ஃபிட்டரு. டாக்டருக்குப் படிக்கறவங்க, இன்ஜினீயருக்குப் படிக்கறவங்க நடுவுல அவனைக் கொண்டாந்து நிக்க வெக்கறது எதுக்கு?”

நான் “சரிம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணைப் போட்டேன். அந்தச் “சரிம்மா”தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

நான் ஒரு தச்சரின் மகன். அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகச் சித்தூர் வந்தவர். நிலை, கதவு, ஜன்னல், தொட்டில் எல்லாம் செய்வார். நான் தமிழ் படித்து ஆசிரியன் ஆனேன். என் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கப் போனபோது, அப்பா பெயருக்குக் கீழே தொழில் ஏதாவது போடணுமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். “ஒண்ணும் வேண்டாம், பேர் மட்டும் போதும்” என்றேன். பத்திரிகையைக் கையில் வாங்கிப் பார்த்த அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் யாரையாவது குறை சொன்னால், பட்டியலில் முதல் பெயர் என்னுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது ஆண்டுகள் தமிழ் இலக்கியம் கற்பித்தவன் என்ற முறையில் என் மனத்தை அரிக்கும் கேள்வி இது. கைத்தொழிலை நாம் ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிறோமே, இதற்கு நம் இலக்கியமும் பொறுப்பா? இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்று மேடைதோறும் சொல்கிறோம். அந்தக் கண்ணாடியில் எது தெரியாமல் போயிற்று என்று பார்ப்பதும் திறனாய்வின் வேலைதானே.

வள்ளுவர் நெசவாளர் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, திருக்குறளில் உழவுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. நெசவுக்கு இல்லை, தச்சுக்கு இல்லை, கொல்லுப்பட்டறைக்கும் இல்லை. தேரின் அச்சாணியும் நெருப்பில் காய்ந்து சுடர்விடும் பொன்னும் உவமையாக வந்து போகின்றன, அவ்வளவுதான். உழவுக்கு அது போதாதென்று கம்பர் பெயரால் ஏரெழுபது என்று தனி நூலே வழங்குகிறது.

“நெசவுக்கு அப்படி ஒரு எழுபது உண்டா?” என்று ஒரு மாணவன் கேட்டான் என்றால், புலவர்கள் உடனே ஒட்டக்கூத்தர் பெயரைச் சொல்வார்கள். செங்குந்தர் மரபைப் போற்றும் நூல் அவர் பெயரால் உண்டு. கூத்தரும் அந்த மரபினரே என்பது வழக்கு. ஆனால் நூலின் பெயரைப் பாருங்கள்: ஈட்டி எழுபது. நகரி, புத்தூர், நாராயணவனம் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தெருக்களில் விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். தறியை நம்பி வாழ்ந்த ஒரு சமூகத்துக்குப் புகழ்நூல் பாட வந்தபோது, கையில் எடுத்துக்கொண்டது ஈட்டியை. பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா என்று தறியைச் சுற்றி எத்தனை சொற்கள், எத்தனை நுட்பங்கள்! எழுபது பாட்டு என்ன, நூற்றெழுபது பாடலாம். பாடவில்லை. ஒருவரைப் பெருமைப்படுத்த வேண்டுமானால் அவர் செய்கிற வேலையை விட்டுவிட்டு, அவருடைய வீரத்தைப் பேச வேண்டும் என்ற நினைப்பு அன்றே வந்துவிட்டது. என் கல்யாணப் பத்திரிகை விவகாரமும் இதன் பேரப்பிள்ளைதான்.

இப்படியே இருந்திருந்தால் வருத்தமில்லை. ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் என்று விட்டுவிடலாம். ஆனால் சங்கப் பாட்டு அப்படி இல்லை.

புறநானூற்றில் 228ஆம் பாட்டு, ஐயூர் முடவனார் பாடியது. கிள்ளிவளவன் இறந்துவிட்டான். அவனுக்கு ஈமத்தாழி செய்ய வேண்டும். புலவர் குயவரைப் பார்த்துக் கேட்கிறார்: இவ்வளவு பெரிய மன்னனைக் கொள்ளும் தாழி செய்ய உலகத்தையே சக்கரமாகவும் மேருவையே மண்ணாகவும் வைத்து வனைந்துவிட உன்னால் முடியுமா? இதை நான் வகுப்பில் இருபது தடவையாவது நடத்தியிருப்பேன். உயர்வு நவிற்சி அணி என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன்.

ஒருமுறை பலமநேர் போயிருந்தபோது, அங்கே சுடுமண் வேலை செய்கிறவர்களின் கொட்டகையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அப்போதுதான் பாட்டு புரிந்தது. பெரிய பானையைச் சக்கரத்தில் ஒரே மூச்சில் வனைந்து எடுத்துவிட முடியாது. ஈரமண் தன் கனத்தைத் தானே தாங்காமல் சரிந்துவிடும். வாயையும் கழுத்தையும் சக்கரத்தில் எடுத்து, கொஞ்சம் உலரவிட்டு, பிறகு உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் வயிற்றை விரிக்க வேண்டும். எவ்வளவு ஈரத்தில் தட்டலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் கைக்குத்தான் தெரியும். ஈரம் கூடினால் தொய்யும், குறைந்தால் விரியும். அதாவது, பெரிய தாழி என்பது குயவருக்கு நிஜமான சிக்கல். முடவனார் வானத்தைப் பார்த்துக் கற்பனை செய்யவில்லை. தொழிலில் எது கடினம் என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் கையை வைத்துக் கேட்கிறார்: சக்கரம் போதுமா, மண் போதுமா? இது தொழில் தெரிந்த மனிதரின் கேள்வி.

256ஆம் பாட்டும் அப்படித்தான். கணவனை இழந்த பெண் குயவரிடம் பேசுகிறாள். தாழியை அகலமாகச் செய், எனக்கும் சேர்த்து இடம் வேண்டும் என்கிறாள். வண்டியில் ஒட்டிக்கொண்டு வரும் பல்லி மாதிரி அவனோடு வழியெல்லாம் வந்தவள். அவள் வேண்டுவதைச் செய்துதரக்கூடிய ஒரே ஆள் அந்தக் குயவர்தான். அரசனிடமோ கடவுளிடமோ அவள் போகவில்லை. துக்கத்தின் உச்சியிலும் ஒரு அளவு சொல்கிறாள். இரண்டு பாட்டிலும் குயவர்மேல் இரக்கம் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. தெரிந்தவர் என்ற மதிப்பு இருக்கிறது. நான் தேடுவது இந்த மதிப்பைத்தான்.

பிறகு என்ன ஆயிற்று? சிலப்பதிகாரத்துக்கு வருவோம். கதை முழுக்க ஒரு கைவேலையின் உள்ளே ஒளிந்திருக்கிறது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்துப் பரல். வெளியே பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். கோவலன் விற்கக் கொண்டுவந்த சிலம்பு அரசியுடையது அல்ல என்று அந்த நகரத்தில் நிச்சயமாகத் தெரிந்தவன் பொற்கொல்லன் ஒருவன்தான். அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன். அரசனுக்குத் தெரியாது, காவலருக்குத் தெரியாது. தெரிந்த ஒருவன் பொய் சொன்னான், ஊர் எரிந்தது. தொழிலறிவு எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதை இளங்கோ போல யாரும் சொல்லவில்லை. ஆனால் அதோடு சேர்ந்து ஓர் அச்சமும் வந்துவிடுகிறது. ஒருவன் செய்த குற்றத்துக்காக வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்துச் சாந்தி செய்தான் என்று உரைபெறு கட்டுரை சொல்கிறது. ஆயிரம் பேர்! கண்ணகிக்கு நீதி கேட்டுக் கண்ணீர் விடும் நாம், இந்த ஆயிரம் பேருக்கு ஒரு கேள்வி கேட்டிருக்கிறோமா? நானும் கேட்டதில்லை. தேர்வில் வராத பகுதி.

மணிமேகலையில் ஓர் அழகான இடம் உண்டு. வெளிமாநிலத் தமிழர்கள் அவசியம் படிக்க வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்து அரச மண்டபத்தைக் கட்டியவர்கள் யார் யார் என்று சாத்தனார் சொல்கிறார்: மகத நாட்டுக் கைவினைஞர், மராட்டிய நாட்டுக் கம்மியர், அவந்தி நாட்டுக் கொல்லர், யவன நாட்டுத் தச்சர், இவர்களோடு கூடித் தமிழ்த் தொழிலாளரும். அதாவது, பிழைக்க வந்த வெளியூர்க்காரர்களை அவர்கள் கைத்திறனின் பெயராலேயே வரவேற்ற ஊர் அது. இன்று சித்தூருக்கோ திருப்பதிக்கோ வந்த தமிழன் என்ன சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான்? “பேங்க்ல இருக்கேன்”, “யூனிவர்சிட்டில இருக்கேன்.” தச்சு வேலைக்கும் கொத்து வேலைக்கும் வந்தவர்கள் நம்மில் எவ்வளவோ பேர் உண்டு. அவர்கள் பிள்ளைகள் அதைச் சொல்வதில்லை.

திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சொல்ல வேண்டியதுதான். 966இல் பல்லவ குலத்துச் சாமவை என்னும் தேவி வெள்ளித் திருமேனி ஒன்றைச் செய்வித்து, நகைகளும் நிலமும் கொடுத்தாள் என்ற செய்தி அங்கே இருக்கிறது. போக சீனிவாசர் என்று இன்றும் வழிபடப்படும் திருமேனி. கொடுத்தவள் பெயர் ஆயிரம் ஆண்டு நின்றுவிட்டது. வெள்ளியை வார்த்தவர் பெயரை நான் எங்கேயும் படித்ததில்லை. தஞ்சையில் இராசராசன் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருந்திருக்கிறான்; குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று பெரிய கோயில் கல்வெட்டில் பெயர் இருக்கிறது. அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். அந்தப் பெயரை ஒருமுறை அவருக்குச் சொன்னேன். “பேரைப் போட்டானா? நல்ல ராஜாதான்” என்றார்.

நவீன இலக்கியம் இந்தக் குறையைத் தீர்த்ததா? பாதி தீர்த்தது என்பேன். பாரதி தொழில் செய்கிறவர்களைப் படைப்புக் கடவுளுக்கு நிகராக வைத்துப் பாடினார். சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய திருப்பம். தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) கைத்தறி நெசவாளரை நாவலின் நடுவே கொண்டுவந்தது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய் விசாரித்து, ‘கரிப்பு மணிகள்’ (1979) எழுதினார். இவற்றைப் படித்தால் தொழிலாளியின் பசி தெரியும், கூலி தெரியும், அவமானம் தெரியும். ஆனால் என் வாசிப்பில், அவனுக்கு என்ன தெரியும் என்பது குறைவாகவே தெரிகிறது. இரக்கம் நல்லதுதான். ஆனால் இரக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்து வளர்ந்த நடுத்தர வீட்டுப் பிள்ளை என்ன முடிவுக்கு வருகிறது? கைவேலை என்றால் பரிதாபம், அதிலிருந்து தப்ப வேண்டும் என்ற முடிவுக்கு. நூலாசிரியர் நினைத்தது வேறு, நாம் எடுத்துக்கொண்டது வேறு.

உள்ளிருந்து எழுதியவர்கள் சிலர் உண்டு. எம்.வி. வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’ (1975) கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர் வீட்டுக் கதை. அவர் அந்தச் சமூகத்தில் பிறந்தவர், பட்டு ஜரிகைத் தொழிலும் தெரிந்தவர். வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி என்று வாழும் நமக்கு அந்த நாவலில் இன்னொரு ருசியும் உண்டு. பூமணியின் ‘பிறகு’ (1979) செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்க்கை. அழகிரிக்காக யாரும் அழ வேண்டும் என்று பூமணி கேட்பதில்லை. அவர் வேலை செய்கிறார், பேசுகிறார், ஊரைப் பார்க்கிறார், நாம் கூட உட்கார்ந்திருக்கிறோம். அடுத்த தலைமுறையில் கண்மணி குணசேகரன். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அவருடைய ‘நெடுஞ்சாலை’யில் பணிமனையின் கிரீஸ் வாடையும் பேச்சும் அப்படியே வருகின்றன. பஸ் ஏன் நின்றது என்று சத்தத்தை வைத்துச் சொல்லும் ஆட்களைத் தமிழ் நாவலில் பார்ப்பது அபூர்வம்.

இதே சமயத்தில் அமெரிக்காவில் ஒரு புத்தகம் வந்தது, 2009இல். எழுதிய மாத்யூ கிராஃபோர்டு அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஆராய்ச்சி நிறுவன வேலையைவிட அந்தக் கடையில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது என்பது அவர் வாதம். உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நம் பணிமனை மனிதரின் நாவலை நம் மலர்களில் எத்தனை பேர் பேசினோம்?

தொழிலாளிக்கு என்ன தெரியும் என்று நான் கேட்பதை ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் விளங்கும். காளஹஸ்திக்குப் போகாதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். ராகு கேது பூஜை முடித்து, பிரசாதம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறோம். அங்கே கலம்காரி போடுகிற வீடுகளுக்கு எத்தனை பேர் போயிருக்கிறோம்?

முதலில் பருத்தித் துணியை எருமைப்பாலும் கடுக்காயும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். பால் எதற்கு என்றால், மை பரவாமல் இருக்க. புளியங்குச்சியைச் சுட்ட கரியால் கோடு. பிறகு மூங்கில் குச்சியின் நுனிக்கு மேலே கம்பளி அல்லது துணி சுற்றிய எழுதுகோல். மையைத் தொட்டு, விரலால் அழுத்த அழுத்தச் சொட்டு இறங்கும். அந்தக் கறுப்பு மை இரும்புத்துண்டும் வெல்லமும் தண்ணீரில் பல நாள் ஊறிப் புளித்தது. அது தனியாக அத்தனை கறுப்பு இல்லை. துணியில் ஏறியிருக்கும் கடுக்காயைத் தொட்டதும்தான் கறுக்கும். சிவப்பு அதைவிட வேடிக்கை. சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டுவார்கள், ஏறக்குறைய நிறமே இல்லாத நீர். பிறகு துணியைச் சாயவேர் மாதிரியான பொருள்களோடு கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். அதாவது, கண்ணுக்குத் தெரியாத படத்தை வரைகிறார்கள்! ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். ஸ்வர்ணமுகி ஆறு வறண்டால் இந்தத் தொழிலுக்குத் திண்டாட்டம்.

இதில் வேதியியல் இருக்கிறது, இராமாயண பாரதக் கதையறிவு இருக்கிறது, வெயிலும் தண்ணீரும் பார்க்கிற பக்குவம் இருக்கிறது. நலிந்துகொண்டிருந்த கலை இது. கமலாதேவி சட்டோபாத்தியாய் முயற்சியால் 1950களின் கடைசியில் அங்கே ஒரு பயிற்சி மையம் வந்தது. அந்த ஊர் ஜொன்னலகட்ட குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ பெற்றார். நம் கும்பகோணம் பக்கத்துக் கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாயக்கர் காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து போனவர்களின் வழியில் வந்த கலை அது. அங்கே போனவர்கள் கையோடு தொழிலையும் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். இங்கே வந்த நாம் கொண்டுவந்ததை ஒளித்துவைக்கிறோம்.

இந்த இடத்தில் நண்பர் ஒருவர், இவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், என்னை மடக்கினார். “எல்லாம் சரி சார், உங்க பேரனை ஃபிட்டராக்குவீங்களா? எங்க தாத்தாவை அந்த வேலையை விட்டு வெளிய வரவிடாமதான் வெச்சிருந்தாங்க. தப்பிச்சு வந்த எங்களைத் திரும்பிப் போகச் சொல்றீங்களா?”

நியாயமான கேள்வி. இதைத் தாண்டாமல் கைத்தொழில் பெருமை பேசுவது ஆபத்து. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் புதிய கல்வித் திட்டம் கொண்டுவந்தது. நாளுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு. மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் கடுமையாக எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். திட்டம் வந்தபோது சித்தூரும் சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. 1953 அக்டோபர் 1இல்தான் ஆந்திரத்தோடு போனோம். இன்னும் அந்த விவாதம் ஓயவில்லை. 2023 செப்டம்பரில் மத்திய அரசு 18 தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் தொடங்கியது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைக் காட்டித் தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 2025இல் அந்த நிபந்தனை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியே ஆரம்பித்தது.

கொழும்பில் பிறந்த நம் ஆனந்த குமாரசாமி 1909இலேயே இந்தியக் கைவினைஞரைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். உளியை அவ்வளவு மரியாதையோடு பார்த்தவர்கள் குறைவு. ஆனால் பரம்பரைத் தொழில்முறையை அவர் புகழ்ந்த அளவுக்கு, உளி பிடித்தவர் மகன் வேறு வேலைக்குப் போக ஆசைப்பட்டால் என்ன என்று கேட்கவில்லை. என் அப்பா கேட்டிருப்பார். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினவரே அவர்தான்.

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன பதில்: யாரும் திரும்பிப் போக வேண்டாம். தாத்தாவைக் கட்டிப்போட்ட கயிறு வேறு, தாத்தாவுக்குத் தெரிந்த வேலை வேறு. கயிற்றை அறுத்தபோது வேலையையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டோம். அந்தச் சித்தூர்ப் பையன் ஒன்றும் குலத்தொழிலுக்குப் போகவில்லை. அவன் வீட்டில் யாரும் ஃபிட்டர் கிடையாது. தானாகத் தேர்ந்தெடுத்தான். அப்படியும் அவன் அம்மாவுக்குக் கூசுகிறதென்றால், கோளாறு எங்கே இருக்கிறது? நண்பர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. “கூலியைக் கூட்டுங்க, மதிப்பு தானா வரும்” என்றார். அதிலும் உண்மை இருக்கிறது.

அப்பாவைப் பற்றி இன்னொன்று. ஒருமுறை சாரத்திலிருந்து விழுந்து அவர் மணிக்கட்டு முறிந்தது. புத்தூர்க் கட்டுக்குக் கூட்டிப்போனோம். தமிழ்நாடு முழுக்கப் பெயர் பரவிய கட்டு அது. சென்னையில் தெருவுக்கொரு போர்டு தொங்குகிறதே, அந்தப் பெயர் நம் புத்தூரிலிருந்து போனதுதான். பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். இதற்கும் எல்லை உண்டு. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் நல்லது. அப்பாவுக்குச் சாதாரண முறிவு. கட்டுகிறவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு விரலால் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. அப்பா வலியில் முகத்தைச் சுளித்தாலும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: “பாத்தியாடா, கண்ணால பாக்கலை. கை பாக்குது.” இன்னொருவர் வேலையை அவர் வாய்விட்டுப் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இந்த ஆண்டுப் பட்டியலுக்கு அந்தச் சகோதரிக்கு மறுபடியும் போன் போட்டேன். பையனிடம் கொடுக்கச் சொன்னேன். ரேணிகுண்டா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போகிறானாம். ஐ.டி.ஐ.யில் என்னப்பா கற்றுக்கொடுத்தார்கள் என்றேன். முதல் பல வாரம் அரத்தால் ராவுவதுதான் என்றான். இரும்புத் துண்டை ராவி, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டுமாம். “நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா மறுபடியும் ராவணும் தாத்தா. மொதல்ல கை நடுங்கும். அப்புறம் கைக்கே தெரிஞ்சிடும்.” அப்பாவின் மூலைமட்டம் இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது என்றேன். மரமா இரும்பா என்று கேட்டான்.

பட்டியலில் அவன் பெயரை எழுதிவிட்டேன். அம்மா இன்னும் அரை மனதாகத்தான் இருக்கிறார். மூன்று கட்டத்தில் எதிலும் சேராததால் நான்காவதாக ஒரு கட்டம் கையால் கோடு போட்டேன். மதிப்பெண் என்ற இடத்தில் என்ன போடுவது என்று செயலாளர் கேட்டிருக்கிறார். விழாவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.